பிளேடால் கிழித்த ஸ்பீக்கர் பிரிட்டனில் முதலிடம் பிடித்த கதை தெரியுமா?

பாட்டின் ஒலியைக் கரடுமுரடாக்குவதற்கென்றே 200 பவுண்டு புரட்டிய ராக் குழு ஒன்று உண்டு, தெரியுமா? அதுவும் எப்போது? முதல் இரண்டு இசைத்தட்டும் மண்ணைக் கவ்வி, மூன்றாவதும் படுத்தால் கம்பெனி கைகழுவிவிடும் என்ற நிலையில்! ரெக்கார்டிங் முடிந்துவிட்டது, கம்பெனிக்குத் திருப்தி, வெளியிட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில், பாட்டை எழுதியவர் குறுக்கே விழுந்து, 'இது ரொம்ப மழமழவென்று இருக்கிறது, இன்னொரு முறை பண்ணணும்' என்கிறார். வயது? 20. அவருடைய தம்பிதான் கிடாரிஸ்ட். அவருக்கு வயது 17!

குழுவின் பெயர் தி கிங்க்ஸ். பாட்டு 'யூ ரியலி காட் மீ'. ஆண்டு 1964. இரண்டேகால் நிமிடம்கூட முழுசாக ஓடாத அந்தப் பாட்டுக்குள் எத்தனை விபத்து, எத்தனை வீம்பு, எத்தனை சண்டை என்று எண்ண ஆரம்பித்தால் விரல் போதாது.

முதலில் அந்தப் பிளேடு. வடக்கு லண்டனில் மஸ்வெல் ஹில் பக்கம், ஃபோர்டிஸ் கிரீன் என்ற இடத்தில் டேவிஸ் குடும்பம். எட்டுப் பிள்ளைகள். வரிசையாக ஆறு பெண்கள், கடைசியில் இரண்டு பையன்கள்: ரே, டேவ். தம்பி டேவிடம் எல்பிகோ என்ற மலிவான சின்ன ஆம்ப்ளிஃபயர் இருந்தது. பச்சை நிறம். கிடாரை அதில் செருகினால் வரும் சத்தம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. சப்பென்று இருந்தது. காதலியைப் பிரித்துவிட்ட ஆத்திரம் வேறு உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். சவர பிளேடை எடுத்தார். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை நடுவிலிருந்து விளிம்புவரை கீறினார்!

வேறு யாராவது செய்திருந்தால் வீட்டில் முதுகுத்தோல் உரிந்திருக்கும். ஆனால் நடந்தது என்ன தெரியுமா? ஸ்பீக்கரில் ஒலியைப் பிறப்பிப்பதே அந்தக் காகிதக் கூம்புதான். முன்னும் பின்னும் அதிர்ந்து காற்றைத் தள்ளும். அது முழுசாக இருந்தால் ஒலி தெளிவாக வரும். கீறிவிட்டால் கிழிந்த விளிம்புகள் தனித்தனியாகப் படபடக்கும், ஒவ்வொரு சுரமும் கரகரத்து, உறுமி, சீறி வெளியே வரும். டேவ் அதோடு விடவில்லை. அந்தக் குட்டிப் பெட்டியிலிருந்து வந்த சிக்னலை எடுத்து வாக்ஸ் ஏசி30 என்ற பெரிய ஆம்ப்ளிஃபயருக்குள் செலுத்தினார். சின்னப் பெட்டி கெடுத்துக் கொடுத்ததைப் பெரிய பெட்டி பத்து மடங்காக்கி ஊருக்கே கேட்க வைத்தது. பச்சைப் பெட்டிக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர்களில் ஒன்றை இங்கே அச்சிட முடியாது. வயிற்றுக்கோளாறு சம்பந்தப்பட்டது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

சரி, கிடார் ஒலி கரகரத்ததெல்லாம் இதுதான் முதல் தடவையா? இல்லவே இல்லை! 1951-லேயே 'ராக்கெட் 88' பாட்டுக்காக மெம்ஃபிஸ் நகருக்குக் கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயர் வழியில் அடிபட்டுப்போக, உள்ளே காகிதத்தைத் திணித்து ஒப்பேற்றினார்கள். அந்தக் கரகரப்பு அப்படியே தட்டில் ஏறியது. 1958-ல் லிங்க் ரே என்ற அமெரிக்கர் ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டு 'ரம்பிள்' என்ற இசையைப் பதிந்தார். அதில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது, ஆனாலும் சில வானொலி நிலையங்கள் தடை செய்தன! வாயே திறக்காத பாட்டுக்குத் தடை வாங்கிய மனிதர் அவர். 1961-ல் மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றில், ஸ்டுடியோ இயந்திரத்தின் ஒரு பகுதி பழுதாகி கிடார் தேனீ மாதிரி ரீங்கரித்தது. கேட்டவர்கள் 'அடடா' என்றார்கள். பழுதையே பெட்டிக்குள் அடைத்து 1962-ல் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில். வாங்கத்தான் ஆளில்லை. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' வந்தது, கடையில் இருந்த பெட்டியெல்லாம் தீர்ந்தது.

அப்படியானால் கிங்க்ஸ் செய்த புதுமைதான் என்ன? கரகரப்பை ஒரு மசாலாவாகத் தூவாமல், பாட்டையே அதன்மேல் கட்டியதுதான். மேற்கத்திய இசையில் ஒரு கார்டுக்குக் குறைந்தது மூன்று சுரம் வேண்டும். நம் கணக்கில் சொன்னால் ஸ, க, ப. நடுவில் இருக்கும் காந்தாரம்தான் அது மகிழ்ச்சியா சோகமா என்று தீர்மானிக்கும். டேவ் வாசித்ததிலோ காந்தாரத்துக்கு வேலையே இல்லை. ஸ-வும் ப-வும்தான், தம்புரா மீட்டும் அதே ஜோடி! இதற்குப் பெயர் பவர் கார்ட். இந்த ஜோடியின் அதிர்வுகள் 2-க்கு 3 என்ற எளிய விகிதத்தில் இருப்பவை. கிழிந்த ஸ்பீக்கர் இரண்டையும் கலந்து குதறும்போது இரண்டின் வித்தியாசமும், அதாவது 1-ம், தனி ஒலியாக முளைக்கும். அது என்ன தெரியுமா? ஸ-வுக்கு ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் ஸ! யாரும் வாசிக்காத ஒரு அடிக்குரல் தானாக வந்து சேர்ந்துகொள்கிறது. காந்தாரமும் இருந்திருந்தால் எல்லாம் ஒன்றோடொன்று மோதிச் சேறாகியிருக்கும். 17 வயசுப் பையன் இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்க்கவில்லை. காது சொன்னது, கை செய்தது.

ஆனால் அண்ணன் ரே முதலில் நினைத்தது வேறு! வீட்டு முன்னறைப் பியானோவில் அவர் அந்த மெட்டைக் கண்டுபிடித்தபோது அது ஜாஸ் சாயலில், சாவகாசமாக நடக்கிற பாட்டு. மனதுக்குள் கேட்டது சாக்ஸஃபோன். தம்பி அதைக் கிடாரில் வாங்கி அந்தப் பச்சைப் பெட்டி வழியாக அனுப்பியதும் சாக்ஸஃபோன் ஓடியே போய்விட்டது.

இந்த ரேயின் கைக்குக் கிடார் வந்த கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1957 ஜூன் 21. ரேக்கு 13-வது பிறந்தநாள். அக்கா ரெனீ அவருக்கு ஒரு ஸ்பானிஷ் கிடாரைப் பரிசாகக் கொடுத்தார். சிறுவயதிலிருந்தே இதயம் பலவீனமான ரெனீக்கு நடனம் என்றால் உயிர். அன்று மாலை லண்டன் லைசியம் நடன அரங்குக்குப் போனார். இசைக்குழு வாசித்துக்கொண்டிருக்கும்போதே, நடனமாடியபடியே சரிந்து இறந்துபோனார். வயது 31. கால் நூற்றாண்டு கழித்து ரே 'கம் டான்சிங்' என்று ஒரு பாட்டு எழுதினார், நடன அரங்குக்குப் போகும் அக்காவைப் பற்றி. 1983-ல் அமெரிக்காவில் 6-வது இடம். அங்கே கிங்க்ஸ் தொட்ட உச்சமே 6-தான். அதற்கு முன் அந்த உயரத்தை எட்டியது 1965-ல், ஒரே ஒரு முறை.

இப்போது மேனேஜர்கள். ராபர்ட் வேஸ் என்ற பணக்கார வீட்டுப் பிள்ளைக்குப் பாடகராக ஆசை. மேட்டுக்குடி விருந்துகளில் தன் பின்னால் வாசிக்க ஒரு குழு தேடினார். சிக்கியவர்கள் டேவிஸ் சகோதரர்கள். இவர் பாட்டைக் கேட்டுக் கூட்டம் கேலி செய்ய, மனிதர் ஒரு புத்திசாலித்தனம் செய்தார். பாடுவதை விட்டுவிட்டு, நண்பர் கிரென்வில் காலின்ஸைச் சேர்த்துக்கொண்டு அதே குழுவுக்கு மேனேஜர் ஆகிவிட்டார்! தன் குரலைத் தானே சரியாக எடை போட்ட பாடகர்கள் உலகத்தில் குறைவு. வேஸுக்கு ஒரு சபாஷ்.

தயாரிப்பாளர் கதை இதையும் தூக்கிச் சாப்பிடும். ஷெல் டால்மி, அமெரிக்கர். 1962-ல் லண்டனுக்குச் சும்மா வந்தவர், செலவுக்கு ஏதாவது வேலை கிடைக்குமா என்று டெக்கா கம்பெனியின் டிக் ரோவைப் பார்க்கப் போனார். 'நான் பண்ணிய ரெக்கார்டுகள்' என்று சிலவற்றைப் போட்டுக் காட்டினார். பீச் பாய்ஸ், லூ ரால்ஸ்! ரோ அசந்துபோய் உடனே வேலை கொடுத்தார். அந்த ரெக்கார்டுகள் எல்லாம் டால்மியின் நண்பர் நிக் வெனே தயாரித்தவை! நண்பரின் அனுமதியோடுதான் கொண்டுவந்திருந்தார், அதுவரைக்கும் சரி. டிக் ரோ யார் என்று நினைவிருக்கிறதா? பீட்டில்ஸ் குழுவை டெக்கா வேண்டாமென்று அனுப்பியபோது, பழி வந்து விழுந்தது இவர் தலையில்தான். அதே 1962-ல்!

இந்த டால்மியோடுதான் கிங்க்ஸ் பை ரெக்கார்ட்ஸ் கம்பெனிக்காக உள்ளே போனார்கள். 1964 பிப்ரவரியில் முதல் சிங்கிள், 'லாங் டால் சாலி'. ஏற்கெனவே லிட்டில் ரிச்சர்ட் பாடிப் புகழ்பெற்ற பாட்டு. 42-வது இடத்தோடு சரி. ஏப்ரலில் இரண்டாவது, 'யூ ஸ்டில் வான்ட் மீ'. பட்டியல் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அடுத்ததாக 'யூ ரியலி காட் மீ'யைப் பதிந்தார்கள். மெதுவாக, எதிரொலி பூசி, அலங்காரமாக. கேட்ட ரேக்கு வயிறு எரிந்தது. மேடையில் கூட்டத்தை எழுப்பி ஆட வைக்கிற பாட்டு தட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. திரும்பப் பதிய வேண்டும் என்றார். ஒரு தம்பிடி தரமாட்டோம் என்றது கம்பெனி. ரே பிடித்த பிடியை விடவில்லை. கம்பெனிக்கு வெளியே பணம் புரட்டப்பட்டது. அந்த 200 பவுண்டு இதுதான். ஜூலையில் போர்ட்லண்ட் பிளேஸில் இருந்த ஐபிசி ஸ்டுடியோவில் மறுபடி உட்கார்ந்தார்கள்.

அங்கே டிரம்ஸ் வாசித்தவர் யார் தெரியுமா? குழுவின் டிரம்மர் மிக் ஏவரி இல்லை! அவர் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. டால்மி ரிஸ்க் எடுக்காமல் பாபி கிரஹாம் என்ற கூலிக்கு வாசிக்கும் கலைஞரை உட்கார வைத்தார். ஏவரி கையில் கொடுத்தது ஒரு டாம்புரின்! உங்கள் குழுவின் முதல் வெற்றிப்பாட்டில் உங்கள் பங்கு சலங்கை குலுக்கியதுதான் என்றால் எப்படி இருக்கும்?

பாட்டின் நடுவில் ஒரு கிடார் சோலோ வருகிறது அல்லவா, அதற்குச் சற்று முன்பு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கவனியுங்கள். டிரம்ஸ் ஒரு உருட்டு உருட்டும் இடத்தில் யாரோ கத்துவது மாதிரிக் கேட்கும். ரே சொன்ன விவரம் இது: சோலோ தொடங்கப்போகும் தம்பிக்கு உற்சாகமூட்ட அவர் இந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார். ஏற்கெனவே பதற்றத்தில் இருந்த தம்பி, திரும்பி ஒரு கெட்ட வார்த்தையில் பதில் சொன்னார்! டேப் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் குரலைச் சேர்த்து அதை மூடி மறைக்கப் பார்த்தும் முழுசாக மறையவில்லை. அந்த வசவு முடிந்த மறுகணம் வெடிக்கிறதே சோலோ, அது அழகாக இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. தடுக்கி விழுந்து எழுந்து ஓடுகிறது. என்னைக் கேட்டால், பாட்டிலேயே அதைவிட உயிருள்ள இடம் வேறு இல்லை.

அந்தச் சோலோவையே டேவ் வாசிக்கவில்லை என்று ஒரு வதந்தி பல ஆண்டு ஓடியது தெரியுமா? வாசித்தது ஜிம்மி பேஜ் என்றார்கள், பின்னாளில் லெட் செப்பெலின் குழுவைத் தொடங்கினாரே அவர்தான். அப்போது பேஜ் லண்டன் ஸ்டுடியோக்களில் கூலிக்கு வாசித்துக்கொண்டிருந்தது உண்மை. கிங்க்ஸின் முதல் ஆல்பத்தில் சில பாட்டுகளுக்கு டால்மி அவரை வைத்துக்கொண்டதும் உண்மை. ஆனால் இந்தச் சோலோ டேவுடையதுதான் என்று டால்மி சொல்லிவிட்டார், ரே சொல்லிவிட்டார், கடைசியில் பேஜே சொல்லிவிட்டார். வதந்தி மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பியானோவுக்கும் தகராறு உண்டு. ஆர்தர் கிரீன்ஸ்லேட் என்பவர் பெயரைச் சொல்வார்கள். டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்ட் 'அது நான்தான்' என்றார். ஓடாத படத்துக்கு இப்படி யாரும் உரிமை கொண்டாட மாட்டார்கள்!

1964 ஆகஸ்ட் 4-ல் தட்டு வெளியானது. செப்டம்பரில் பிரிட்டனில் முதலிடம், இரண்டு வாரம். அமெரிக்காவில் 7-வது இடம். சூடு ஆறுவதற்குள் அக்டோபரில் முதல் ஆல்பம் கடைக்கு வந்துவிட்டது. அதே கரகரப்பில் அடுத்த சிங்கிள் 'ஆல் டே அண்ட் ஆல் ஆஃப் தி நைட்', பிரிட்டனில் 2-வது இடம். பக்கத்து வீட்டிலும் தீ பரவியது. தி ஹூ என்ற குழு அந்தப் பெயரில் வாங்கிய முதல் வெற்றி, 1965-ல் வந்த 'ஐ கான்ட் எக்ஸ்ப்ளெய்ன்'. கிங்க்ஸ் மாதிரியே ஒலிக்க வேண்டும் என்று திட்டமிட்டே எழுதியதாக அந்தக் குழுவின் பீட் டௌன்ஷெண்ட் ஒப்புக்கொண்டிருக்கிறார். தயாரித்தவரும் அதே டால்மி!

புகழ் வந்ததும் அண்ணன் தம்பி அமைதியானார்களா? எங்கே! 1965 மே 19, வேல்ஸில் கார்டிஃப் நகர மேடை. முதல் பாட்டாக 'யூ ரியலி காட் மீ'யையே வாசித்து முடித்தார்கள். முடித்த கையோடு டேவ் டிரம்மர் ஏவரியைத் திட்டிவிட்டு டிரம்ஸை எட்டி உதைத்தார். ஏவரி பக்கத்திலிருந்த ஹை-ஹாட் ஸ்டாண்டைத் தூக்கி டேவ் தலையில் ஒரே போடு! டேவ் சரிந்தார். ஆளைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்து ஏவரி ஓட்டம் பிடித்தார். டேவுக்கு 16 தையல். போலீஸிடம் ஏவரி கொடுத்த விளக்கம்தான் உலகப் புகழ்: அது மேடைக்காக நாங்கள் உருவாக்கிய புது நிகழ்ச்சி, கருவிகளை ஒருவர்மேல் ஒருவர் எறிவோம்! டாம்புரினுக்குக் கணக்குத் தீர்த்தாரா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அதே ஆண்டு கோடையில் அமெரிக்கச் சுற்றுப்பயணம் போனார்கள். போன இடமெல்லாம் தகராறு. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் அனுமதி மறுத்துவிட்டது. 1969 வரை நான்கு ஆண்டு அந்த நாட்டு மேடைகள் அவர்களுக்குக் கிடையாது! பிரிட்டிஷ் குழுக்கள் அங்கே டாலர் அள்ளிய காலம் அது. போக முடியாத ரே, இங்கிலாந்தைப் பார்த்து எழுத உட்கார்ந்தார். தேம்ஸ் கரை, டீக்கடை, கிராமத்துப் புல்வெளி. 'வாட்டர்லூ சன்செட்' அந்தக் காலத்துப் பாட்டு. 2012 லண்டன் ஒலிம்பிக் நிறைவு விழாவில் அதைப் பாடியது ரேதான்.

நடுவில் நம் ஊர்ப் பக்கமும் ஒரு எட்டு வந்து போனார்கள், தெரியுமா? 1965 ஜனவரியில் ஆஸ்திரேலியா போகும் வழியில் பம்பாயில் தங்கல். அதிகாலையில் கடற்கரையில் மீனவர்கள் பாடிக்கொண்டே வேலைக்குப் போவது ரேயின் காதில் விழுந்தது. ஜூலையில் 'சீ மை ஃப்ரெண்ட்ஸ்' வந்துவிட்டது. கிடாரையே தம்புரா மாதிரி ரீங்கரிக்க வைத்த பாட்டு. பீட்டில்ஸ் சிதாரோடு வந்த 'நார்வீஜியன் வுட்' வெளியானது அந்த டிசம்பரில்தான்!

காசு விஷயம் மட்டும் கசப்பு. மேனேஜர்கள், பதிப்பாளர்கள், ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுத்த ஒப்பந்தங்கள் என்று வழக்கு வருடக்கணக்கில் நீண்டது. 'டென்மார்க் புரொடக்‌ஷன்ஸ் எதிர் பாஸ்கோபெல் புரொடக்‌ஷன்ஸ்' என்று ஆங்கிலேய ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு வழக்கு வருமே, அது கிங்க்ஸை நிர்வகிப்பது யார் என்ற சண்டைதான். அந்தப் பிளேடுக்கும் தகராறு வந்தது. 2014-ல் குழுவின் கதையை 'சன்னி ஆஃப்டர்நூன்' என்று மேடை நாடகமாக்கியபோது, அந்த ஒலியைக் கண்டுபிடித்த பெருமை யாருக்கு என்று பேச்சு கிளம்ப, அது தன் வேலை மட்டுமே என்று டேவ் பகிரங்கமாகவே அறிவித்தார். கீறி ஐம்பது வருஷம் ஆகியும் கோபம் ஆறவில்லை!

இப்போது கடைசியாக ஒன்று. இதே பாட்டு இன்னொரு குழுவுக்கும் முதல் சிங்கிள், தெரியுமா? 1978, கலிஃபோர்னியா, வான் ஹேலன். அங்கேயும் இரண்டு சகோதரர்கள், எடி, அலெக்ஸ்! அங்கேயும் கிடார் தம்பி கையில், அதுவும் எடி தானே உதிரி பாகங்களைச் சேர்த்து ஒட்டுப்போட்ட கிடார். ரெக்கார்டிங்கை இன்னொரு குழுவினரிடம் பெருமையாகப் போட்டுக் காட்டிவிட்டார் எடி. அவர்கள் அதே பாட்டைத் தாங்களும் பதியக் கிளம்ப, கம்பெனி அலறியடித்து வான் ஹேலன் சிங்கிளை முந்திக்கொண்டு வெளியிட்டது. அமெரிக்கப் பட்டியலில் 36-வது இடம், புதுக் குழுவுக்கு அது அமோகத் தொடக்கம். கிங்க்ஸ் பெயரையே கேள்விப்படாத ஒரு தலைமுறைக்கு அது வான் ஹேலன் பாட்டாகவே ஆகிப்போனது. கிங்க்ஸின் கச்சேரி ஒன்று முடிந்து வெளியே வந்த டேவிடம் ஒரு ரசிகர் வந்து மனதாரப் பாராட்டினாராம்: வான் ஹேலன் பாட்டை நீங்கள் பிரமாதமாக வாசித்தீர்கள்!